முயல் தீவில் ஞாயிறு விருந்து, திங்கள் பட்டினி!

ஜப்பானில் ஒரு குட்டித் தீவு. படகை விட்டு இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் புதர்களுக்குள்ளிருந்து முயல்கள் ஓடி வருகின்றன. பழுப்பு, சாம்பல், கறுப்பு, வெள்ளையும் பழுப்பும் கலந்தது எனப் பல நிறங்கள். காலைச் சுற்றி நின்று, பின்னங்கால்களில் எழுந்து, பையை முகர்ந்து பார்க்கின்றன. குழந்தைகள் குதூகலத்தில் கத்துகிறார்கள். பெரியவர்கள் செல்போனை எடுக்கிறார்கள். இணையத்தில் உலகம் முழுக்கச் சுற்றிவரும் 'முயல் தீவு' வீடியோக்களில் பார்ப்பது இந்தக் காட்சியைத்தான்.

அந்த வீடியோக்களில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த முயல்கள் அன்பால் ஓடி வருவதில்லை. பசியால் ஓடி வருகின்றன. கையில் இருப்பதை அள்ளிக் கொடுக்கும் பயணிகளின் பிரியமே, பல நேரங்களில் அவற்றின் வயிற்றுக்கு வினையாகிவிடுகிறது. தீவைச் சுற்றிப் பார்த்தபடியே ஒரு முயலின் வயிற்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தால், வீட்டில் முயல் வளர்ப்பவர்களுக்கு அங்கே நிறையப் பாடங்கள் கிடைக்கும்.

எங்கே இருக்கிறது?

தீவின் பெயர் ஓகுனோஷிமா. ஹிரோஷிமா மாகாணத்தில், தகேஹாரா நகரத்தின் எல்லைக்குள் வருகிறது. ஜப்பானின் பெரிய தீவுகளுக்கு நடுவே அமைதியாகக் கிடக்கும் உள்நாட்டுக் கடலில், செட்டோனைக்காய் தேசியப் பூங்காவின் ஒரு பகுதியாக இருக்கிறது. இந்தப் பூங்கா 1934-ல் அறிவிக்கப்பட்டது. ஜப்பானின் முதல் தேசியப் பூங்காக்களில் இதுவும் ஒன்று.

மிஹாரா நிலையத்தில் புல்லட் ரயிலை விட்டு இறங்கி, குரே பாதையில் செல்லும் உள்ளூர் ரயிலில் ஏறினால், கடலை ஒட்டியே போகும் பாதையில் அரை மணி நேரத்துக்குள் தடனோவுமி என்ற சின்ன ஊர் வந்துவிடும். அங்கிருந்து துறைமுகத்துக்கு நடந்தே போகலாம். படகில் கால் மணி நேரப் பயணம்தான். முயல் தீவனத்தைத் துறைமுகத்திலேயே சின்னச் சின்ன அளவில் வாங்கிக்கொள்ள முடிகிறது. பலர் ஊரிலிருந்தே கேரட், முட்டைக்கோஸ் என்று பை நிறையக் கொண்டு வருகிறார்கள்.

தீவின் சுற்றளவு சுமார் 4 கிலோமீட்டர். நிதானமாக நடந்தாலே ஒன்றரை மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம். தங்குவதற்கு 'கியூகாமுரா' என்ற ஓய்வு விடுதி ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள புல்வெளிதான் முயல்களின் தலைநகரம். நாய், பூனையைத் தீவுக்குக் கூட்டி வரக் கூடாது. முயல்களைத் தூக்கக் கூடாது, துரத்தக் கூடாது.

விஷ வாயுத் தொழிற்சாலைக்குப் பிறகு

பச்சைப் புல்லும் நீலக் கடலுமாக இருக்கும் இந்தத் தீவுக்கு இருண்ட பழைய கதை ஒன்று உண்டு. 1929 முதல் 1945 வரை ஜப்பானிய ராணுவம் இங்கே ரகசியமாக விஷ வாயு தயாரித்தது. மஸ்டர்டு வாயு, லூயிசைட், கண்ணீர்ப் புகை என ஆயிரக்கணக்கான டன் ரசாயனங்கள் இங்கிருந்து போயின. வெளியுலகுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக ஜப்பானிய வரைபடங்களிலிருந்தே தீவை நீக்கி வைத்திருந்தார்கள். இங்கே வேலை பார்த்த உள்ளூர்த் தொழிலாளர்கள் பலரும், பள்ளி மாணவர்களும்கூட, பிற்காலத்தில் மூச்சுக் குழாய், நுரையீரல் நோய்களால் அவதிப்பட்டார்கள். 1988-ல் திறக்கப்பட்ட விஷ வாயு அருங்காட்சியகம் அந்தக் கதையை ஒளிவு மறைவின்றிச் சொல்கிறது. பழைய மின் நிலையமும், வாயுவைச் சேமித்து வைத்த தொட்டிகள் இருந்த கரும்புகை படிந்த அறைகளும் இன்றும் அப்படியே நிற்கின்றன.

அந்தத் தொழிற்சாலையிலும் முயல்கள் இருந்தன, வாயுவைச் சோதித்துப் பார்ப்பதற்காக. போர் முடிந்தபோது அவை அழிக்கப்பட்டுவிட்டன என்பதே பரவலான கருத்து. இப்போது ஓடித் திரிபவை வேறு வம்சம். 1971-ல் கரையோரப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் எட்டு முயல்களைக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள் என்றும், அந்த எட்டுதான் பெருகின என்றும் சொல்லப்படுகிறது. முயலின் கர்ப்ப காலம் ஒரு மாதம்தான். ஒரே பிரசவத்தில் பல குட்டிகள். வேட்டையாட நரியோ நாயோ இல்லாத தீவில் அவை நூற்றுக்கணக்கில் பெருகியதில் ஆச்சரியம் இல்லை.

இவற்றைக் 'காட்டு முயல்கள்' என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. நம்மூர்க் காடுகளிலும் பொட்டல்களிலும் தென்படும் காட்டு முயல் வேறு இனம். அது வளை தோண்டுவதில்லை. குட்டி பிறக்கும்போதே உடம்பில் ரோமமும் திறந்த கண்களும் இருக்கும். ஓகுனோஷிமா முயல்களோ ஐரோப்பிய முயலிலிருந்து வந்த வளர்ப்பு வம்சம். சென்னையிலோ கோவையிலோ கூண்டோடு வாங்கி வரும் வெள்ளை முயலுக்கும் அதே மூதாதைதான். வயிறும் அதே வயிறுதான்.

புல் இல்லாத புல்வெளி

தீவில் இறங்கியவர்கள் முயலைப் பார்க்கும் அவசரத்தில் தரையைப் பார்ப்பதில்லை. விடுதியைச் சுற்றியும் படகுத்துறை அருகிலும் முயல்கள் கூட்டமாக இருக்கும் இடங்களில் புல் ஒட்ட மேயப்பட்டிருக்கிறது. பல இடங்களில் மண்ணே தெரிகிறது. முயலுக்குப் பிடிக்காத செடிகள் மட்டும் ஓங்கி நிற்கின்றன. மலைப்பாதையில் மேலே ஏறினால் முயல் குறைந்து பசுமை கூடுகிறது. ஆள் வரும் இடத்தில் முயல் அதிகம், முயல் அதிகமான இடத்தில் புல் இல்லை. அதனால் அங்கிருக்கும் முயல்கள் ஆட்களின் கையை நம்பித்தான் வாழ வேண்டியிருக்கிறது.

ஆனால் ஆட்கள் தினமும் ஒரே அளவில் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாட்களிலும் படகுக்கு வரிசை நிற்கிறது. அன்று முயல்களுக்குத் திகட்டத் திகட்ட விருந்து. மறுநாள் திங்கள். மழை பெய்தால் படகில் நாலைந்து பேர்தான். முயல்களுக்குக் கிட்டத்தட்டப் பட்டினி. நாய் என்றால் ஒரு நாள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் சும்மா படுத்திருக்கும். பூனையும் சமாளித்துவிடும். முயலால் முடியாது. காரணம் அதன் வயிற்றின் அமைப்பு.

நிற்கக் கூடாத இயந்திரம்

முயலின் செரிமானம் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய ஓர் இயந்திரம். அதை ஓட்டும் எரிபொருள் நார்ச்சத்து. சத்து நிறைந்த உணவைக் கொஞ்சமாகச் சாப்பிடுவதற்காகப் படைக்கப்பட்ட வயிறு அல்ல அது. சத்துக் குறைந்த புல்லை விடிகாலையிலும் அந்தியிலும் இரவிலும் விடாமல் கொறிப்பதற்காக உருவானது.

வேலை வாயிலேயே ஆரம்பிக்கிறது. முயலுக்கு மொத்தம் 28 பற்கள். எல்லாமே வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்து மெல்லும்போதுதான் கடைவாய்ப் பற்கள் சரியாகத் தேயும். மெத்தென்ற உணவையே கொடுத்துக்கொண்டிருந்தால் பல் தேயாமல் கூர் கூராக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் குத்தும். வாய் வலித்தால் முயல் சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் குடல் மந்தமாகும்.

அடுத்தது இரைப்பை. முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போன எதுவும் முன்னோக்கி மட்டுமே நகர முடியும். கெட்டதைச் சாப்பிட்டுவிட்டால் நாயைப்போல் கக்கித் தப்பிக்க வழியில்லை.

சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில்தான் முயலின் சமையலறை இருக்கிறது. 'சீக்கம்' என்று மருத்துவர்கள் சொல்லும் பெரிய பை அது. இரைப்பையைவிடப் பல மடங்கு பெரியது. அங்கே வரும் உணவைக் குடல் இரண்டாகப் பிரிக்கிறது. முரட்டு நார் வெளியே தள்ளப்பட்டு, நமக்குத் தெரிந்த அந்த உருண்டைப் புழுக்கையாக வெளியேறுகிறது. நல்ல ஆரோக்கியமான முயல் ஒரு நாளைக்கு 200 புழுக்கைக்கு மேல் போடும். பொடியான நாரும் நீரும் மறுபடி சீக்கத்துக்குள் அனுப்பப்படுகின்றன. இட்லி மாவு புளிப்பதுபோல, கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்கின்றன.

புளித்த அந்தச் சரக்கு வீணாவதில்லை. சில மணி நேரம் கழித்து, திராட்சைக் கொத்துபோல் மெத்தென்று பளபளப்பாக வெளியே வருகிறது. முயல் குனிந்து அதை நேராக வாயால் எடுத்து விழுங்கிவிடும். புதிதாக முயல் வளர்ப்பவர்கள் இதைப் பார்த்து முகம் சுளித்து, "மலத்தைத் தின்கிறதே" என்று தடுக்கப் பார்ப்பார்கள். தடுக்கவே கூடாது. பி வகை வைட்டமின்களும் வைட்டமின் கே-யும் புரதமும் அதில்தான் முயலுக்குக் கிடைக்கின்றன. மாடு அசைபோட்டுச் செய்யும் வேலையை முயல் இப்படிச் செய்துகொள்கிறது.

இந்த ஏற்பாடு முழுக்க முரட்டு நாரை நம்பியே இருக்கிறது. நார் குடலைத் தள்ளிக்கொண்டே இருக்கும் வரை எல்லாம் சரி. நார் குறைந்து, மாவுச்சத்தும் சர்க்கரையும் கூடினால் குடலின் ஓட்டம் மந்தமாகிறது. சீக்கத்தில் நல்ல நுண்ணுயிர்கள் குறைந்து, வாயுவும் நச்சும் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. வயிறு உப்புகிறது, வலிக்கிறது. வலியால் முயல் சாப்பிடுவதை நிறுத்துகிறது. சாப்பிடாததால் குடல் இன்னும் மெதுவாகிறது. கடைசியில் குடல் நின்றே போகிறது. கால்நடை மருத்துவர்கள் இதை 'ஜி.ஐ. ஸ்டேசிஸ்' என்பார்கள். வளர்ப்பு முயல்களின் உயிரைப் பறிக்கும் முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று.

பயணிகளின் பையில் இருப்பவை

இப்போது ஓகுனோஷிமாவுக்கு வரும் பயணியின் பையைத் திறந்து பார்க்கலாம். முதலில் கேரட். கார்ட்டூனில் பக்ஸ் பன்னி கடித்துக்கொண்டே இருப்பதால், முயலின் உணவே கேரட் என்று உலகம் முழுக்க நம்புகிறது. உண்மையில் கேரட் கிழங்கில் சர்க்கரை அதிகம். முயலுக்கு அது மிட்டாய் மாதிரி. எப்போதாவது கட்டைவிரல் நுனி அளவு கொடுத்தால் போதும். கேரட்டின் தழையைக் கொடுப்பது அதைவிட நல்லது.

அடுத்தது முட்டைக்கோஸ். ஓர் இலையில் தப்பில்லை. ஆனால் பழக்கமில்லாத உணவு திடீரென்று நிறைய உள்ளே போனால் நுண்ணுயிர்கள் தடுமாறும், வாயு சேரும். ஒரு முயலுக்கு ஒரே காலையில் இருபது பேர் ஆளுக்கு ஓர் இலை கொடுத்தால், இருபதாவது ஆள் கொடுத்ததும் 'ஒரே ஓர் இலை'தான். அவருக்கு முந்தைய பத்தொன்பது பேரைத் தெரியாது.

குச்சித் தீவனத்தில் சத்து இருக்கிறது. ஆனால் அது புல்லுக்கு மாற்று இல்லை. மெல்லும் வேலை குறைவு, வயிறு சீக்கிரம் நிரம்பும். வீட்டு முயலுக்கே ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

பிறகு ரொட்டி, பிஸ்கட், சிப்ஸ். இவை முயலுக்குக் கொடுக்கவே கூடாதவை. மனிதர் சாப்பிடும் நொறுக்குத் தீனியைக் கொடுக்க வேண்டாம் என்று தீவில் கேட்டுக்கொள்கிறார்கள். சாலையில் வைத்துத் தீனி போட வேண்டாம், வண்டியில் அடிபடும் என்றும் சொல்கிறார்கள். மிச்சமானதைப் போட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது இன்னொரு விதி. அழுகும் காய்கறி காக்கைகளை வரவழைக்கிறது. கடலில் நீந்தி வரும் காட்டுப்பன்றிகளையும் இழுக்கிறது.

தண்ணீர் இன்னொரு பிரச்னை. ஒரு முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 150 மில்லி வரை தினமும் நீர் தேவை. தண்ணீர் குறைந்தால் குடலுக்குள் இருக்கும் சரக்கு காய்ந்து கட்டியாகும். ஓகுனோஷிமாவில் நன்னீர் குறைவு. ஆங்காங்கே வைத்திருக்கும் கிண்ணங்களை ஊழியர்களும், விஷயம் தெரிந்த பயணிகளும் நிரப்பிவிட்டுப் போகிறார்கள்.

வீட்டு முயலுக்கும் தீவு முயலுக்கும் உள்ள பெரிய வித்தியாசம், கவனிக்க ஆள் இருப்பது. நன்றாகப் பராமரித்தால் வீட்டு முயல் எட்டு முதல் பன்னிரண்டு வருடம்கூட வாழும். தீவு முயல்களின் ஆயுள் இரண்டு, மூன்று வருடம்தான் என்று சொல்லப்படுகிறது. உணவு மட்டுமே அதற்குக் காரணம் இல்லை. இடத்துக்கான சண்டை, காயம், நோய் எல்லாம் உண்டு. முயல் இயல்பிலேயே இரையாகும் பிராணி. வலியைக் காட்டினால் வேட்டை விலங்கின் கண்ணில் படும் என்பதால் மறைத்துக்கொள்ளும். வயிறு நின்றுபோன முயல் ஓடி வராது. புதருக்குள் சுருண்டு உட்கார்ந்திருக்கும். வீடியோ எடுப்பவரின் கேமராவில் விழுவது ஓடி வரும் முயல்கள் மட்டும்தான்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

அப்படியானால் யாரும் தீனியே போடாமல் இருந்துவிட்டால் என்ன? கேள்வி நியாயமானது. பதில் சுலபமாக இல்லை.

2020-ல் கொரோனா வந்தபோது ஓகுனோஷிமாவுக்கு வரும் கூட்டம் திடீரென்று குறைந்தது. தீனி குறைந்தது. முயல்களின் எண்ணிக்கையும் சரிந்தது. இத்தனை முயல்களைத் தாங்கும் அளவுக்குத் தீவில் இயற்கையாகப் புல் இல்லை. வீடியோக்களைப் பார்த்துக் கூட்டம் வந்தது, கூட்டம் கொண்டுவந்த தீனியால் முயல்கள் பெருகின, பெருகிய முயல்கள் இருந்த புல்லையும் மேய்ந்து தீர்த்தன. இனி ஒரேயடியாகக் கையை எடுத்தால் பட்டினி. இப்படியே அள்ளிப் போட்டால் அஜீரணம். அன்பாகத் தொடங்கிய ஒரு பழக்கத்தை விடவும் முடியவில்லை, தொடரவும் முடியவில்லை.

இதைவிட வருத்தமான சங்கதி ஒன்று இருக்கிறது. வீட்டில் வளர்க்க முடியாத முயலை, 'அங்கே போனால் சந்தோஷமாக இருக்கும்' என்று நினைத்துத் தீவில் விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஜப்பானில் வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது சட்டப்படி குற்றம். அப்படி விடப்பட்ட முயலை, ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும் கூட்டம் சேர்த்துக்கொள்ளாது, கடித்து விரட்டும். தட்டில் வைத்த தீவனத்துக்குப் பழகிய வயிறு வெட்டவெளியில் தாக்குப்பிடிக்காது. முயலுக்குச் சொர்க்கம் என்று நினைத்த இடத்திலேயே அது முடிந்துபோகும்.

போகிற பயணிகள் செய்யக்கூடியது இதுதான். கேரட்டுக்குப் பதில் நல்ல காய்ந்த புல் கொண்டுபோகலாம். விடுதி வாசலில் கொழுத்து நிற்கும் முயல்களுக்கே திரும்பத் திரும்பக் கொடுக்காமல், கொஞ்சம் தள்ளி நடந்து, பாதை ஓரத்தில் கொடுக்கலாம். கூட்டமில்லாத வார நாளில் போனால் முயலுக்கும் நல்லது, பயணிக்கும் நிம்மதி. ஒரு பாட்டில் தண்ணீரைக் காலியான கிண்ணத்தில் ஊற்றலாம். மிச்சத்தைத் திருப்பி எடுத்து வர வேண்டும். கையை நீட்டாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு பரிசும் உண்டு. சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு முயல்கள் மண்ணில் புரளும், ஒன்றையொன்று நக்கிக்கொடுக்கும், காரணமே இல்லாமல் துள்ளிக் குதிக்கும். தீனிக்காகச் சூழ்ந்து நிற்கும்போது இதெல்லாம் தெரியாது.

உங்கள் வீட்டு முயலுக்கு

ஓகுனோஷிமா ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். அதே தப்பு நம் வீட்டுக் கூடத்திலும் நடக்கிறது. தாத்தா ஒரு பிஸ்கட், பேரன் ஒரு கேரட், பக்கத்து வீட்டுப் பாப்பா ஒரு வாழைப்பழத் துண்டு. ஒவ்வொருவர் கணக்கிலும் 'கொஞ்சம்தான்'. முயலின் வயிற்றில் அது மொத்தமாகச் சேர்கிறது. வீட்டில் முயல் இருந்தால் இவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்:

● உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும். முயலின் உடம்பு அளவுக்கு ஒரு கட்டுக் காய்ந்த புல் எப்போதும் கூண்டில் இருக்கட்டும். அறுகம்புல் கிடைத்தால் நல்லது. பூச்சி மருந்து அடித்த இடத்திலும், நாய்கள் நடமாடும் சாலையோரத்திலும் பறிக்க வேண்டாம். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த புல்லைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

● கொத்தமல்லி, புதினா போன்ற தழைகளைத் தினமும் ஒரு கைப்பிடி கொடுக்கலாம். எந்தப் புதுக் கீரையையும் முதலில் ஓரிரு இலை மட்டும் கொடுத்துப் பாருங்கள். மறுநாள் புழுக்கை சரியாக இருந்தால் அளவைக் கூட்டலாம்.

● குதிரைமசால் வளரும் குட்டிக்கு நல்லது. ஆறு மாதம் தாண்டிய முயலுக்கு அதில் கால்சியம் அதிகம். தேவைக்கு மேல் உள்ள கால்சியம் முயலின் சிறுநீரில் வெளியேறும். அளவு மீறினால் சிறுநீர்ப்பையில் மண்போலப் படியும்.

● வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்குச் செடியின் இலை, அவகாடோ, சாக்லேட் ஆகியவை கிட்டவே வரக் கூடாது. அரிசி, ரொட்டி, பிஸ்கட்டும் வேண்டாம்.

● தண்ணீரைக் கனமான கிண்ணத்தில் வையுங்கள். பாட்டில் குழாயில் நக்குவதைவிடக் கிண்ணத்தில் முயல் சுலபமாகக் குடிக்கும்.

● கோடையில் கவனம். முயலுக்கு வியர்த்துத் தணியும் உடம்பு இல்லை. வெயில் தாங்காமல் சாப்பாட்டைக் குறைத்தால் குடலும் மந்தமாகும். காற்றோட்டமான நிழலும், துணியில் சுற்றிய ஐஸ் பாட்டிலும் உதவும்.

● வீட்டில் இருக்கும் ஆன்டிபயாடிக் மருந்தைச் சொந்தமாகக் கொடுக்கவே கூடாது. மனிதருக்குச் சாதாரணமான அமாக்சிசிலினை முயலுக்கு வாய்வழி கொடுத்தால், சீக்கத்தின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்? முயல் பத்து, பன்னிரண்டு மணி நேரமாகச் சாப்பிடவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் அது அவசரம். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்வது, வயிற்றைத் தரையில் அழுத்துவது, பற்களை நறநறவென்று கடிப்பது, பிடித்த கீரையைக்கூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வது எல்லாம் வலியின் அடையாளங்கள். புழுக்கை சிறுத்துப்போவதும், ரோமத்தில் கோர்த்த பாசிமணிபோல் வருவதும் முன்கூட்டிய எச்சரிக்கை. பின்பக்கத்தில் மெத்தென்ற கழிவு ஒட்டிக்கொண்டே இருந்தால் இனிப்போ தீவனமோ அதிகம், புல் குறைவு என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் பெரிய கருவி எதுவும் வேண்டாம். காலையில் கூண்டைக் கூட்டும்போது ஒரு நிமிடம் நின்று, துடைப்பத்தில் சேரும் புழுக்கைகளைப் பாருங்கள். நேற்று இருந்த அளவு இருக்கிறதா? உருண்டையாக, ஒரே அளவாக, உடைத்தால் உள்ளே புல் தூளாகத் தெரிகிறதா? ஆம் என்றால் முயலின் வயிறு நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. புல் கட்டை மாற்றிவிட்டு நீங்கள் உங்கள் காபியைக் குடிக்கப் போகலாம்.